பரிமளத்தின் கை பட்ட சேலைகள்

ஆங்கிலத்தில் 'டார்ன்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. துணியில் விழுந்த ஓட்டையை ஊசியாலும் நூலாலும் அடைப்பது என்று அகராதி சொல்லும். அத்தோடு விட்டால் பாதிதான் சொன்னதாகும். கிழிசலின் இரண்டு விளிம்புகளையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தால் அது வெறும் தையல். மேலே இன்னொரு துண்டை வைத்துத் தைத்தால் அது ஒட்டு. டார்ன் இரண்டுமில்லை. அறுந்துபோன இழைகளுக்குப் பதிலாகப் புது இழைகளை நெடுக்கே ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக ஊசியை நுழைத்து நுழைத்து எடுத்து, தறி நெய்ததைக் கையால் இன்னொரு முறை நெய்து கொடுப்பது. வெள்ளைக்காரர்கள் குதிகாலில் பொத்தல் விழுந்த காலுறைகளுக்கு இதைச் செய்தார்களாம். நம் பள்ளிக்கூடங்களில் மனையியல் பாடத்துக்குச் சதுரத் துணி ஒன்றில் செய்து காட்டச் சொல்லிப் புள்ளி போடுவார்கள். புள்ளி வாங்கிய பிறகு எந்தப் பெண்ணும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பரிமளம் பார்த்தாள். அதுவே அவளுக்கு உத்தியோகமானது. கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், ஜன்னலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பட்டுச் சேலைகளுக்கு டார்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஆடைத் தொழிற்சாலையில் பழுது திருத்தும் பகுதியில் இருந்தவள். அங்கே அவளுடைய கைநேர்த்தியைப் பார்த்த யாரோ சொல்லி, பழைய முதலாளி கூப்பிட்டு வைத்துக்கொண்டார். அவர் போய்ச் சேர்ந்து, மகன் யோகராஜ் கல்லாவில் உட்கார்ந்த பிறகும் பரிமளத்தின் கதிரை அங்கேயேதான் இருந்தது.

சேலைகள் இந்தியாவிலிருந்து பெரிய பொதிகளாக வரும். பொதியைக் கட்டிய தகரப் பட்டி கிழித்திருக்கும், தூக்கிய கொக்கி குத்தியிருக்கும், சிலவேளை களஞ்சியத்தில் எலி வாய் வைத்திருக்கும். அப்படி ஊனப்பட்டதைத் தனியே ஒதுக்கி, உள்ளதைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்கிற கடைகளும் ஊரில் உண்டு. இந்தக் கடை அந்த ரகம் இல்லை. சேலை மாடிக்கு வரும். பரிமளம் அதன் உள்முனையிலிருந்து, இடுப்பில் செருகினால் மறைந்து போகிற பக்கத்திலிருந்து, அதே நிறத்து இழைகளை உருவி எடுப்பாள். ஓட்டி முடித்து, ஈரத்துணி போட்டு அயன் பண்ணிவிட்டால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் இடம் தெரியாது. கீழே இறங்கிய சேலை நல்ல சேலைகளோடு நல்ல சேலையின் விலைக்கே அடுக்கில் ஏறும்.

கிழிசல், ஓட்டை, பொத்தல் என்ற சொற்களைக் கடைக்கு வந்தவர்கள் முன்னால் வாயில் எடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதற்குத்தான் அந்த ஆங்கிலச் சொல். "இது டார்னுக்குப் போகட்டும்", "டார்ன் முடிஞ்சு வந்துருச்சா?" என்று படியில் நின்று சத்தம் போடலாம். கேட்கிறவர்கள் ஏதோ விசேஷமான மெருகு வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை ஒரு அம்மாள், "நான் எடுத்த சேலைக்கும் அந்த டார்னைச் செஞ்சே குடுங்களேன்" என்று கேட்டே விட்டாள். கடைப் பெண்கள் அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பரிமளமும் சிரித்தாள். இப்போது அதை நினைத்தால் அவளுக்கு முகம் சுடும்.

மணப்பெண் உடுத்துகிற கூறைச்சேலையில் ஊனம் இருக்கக் கூடாது என்பது நம் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிழிந்ததும் எரிந்ததும் மணவறைக்கு ஆகாது. நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் போகட்டும். ஆனால் தன் பிள்ளையின் கூறை என்று வந்தால் நம்பாதவரும் விரித்து ஒரு முறை பார்த்துத்தான் வாங்குவார். பரிமளமோ வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். இதெல்லாம் தெரிந்துகொண்டே எப்படிச் செய்தாள் என்று கேட்பீர்கள். மாடியில் இருந்தவளுக்குச் சேலை தெரிந்தது, அதைக் கட்டப்போகிறவளைத் தெரியாது. கீழே நடப்பது வியாபாரம், அது முதலாளியின் பாவம் என்று பங்கு பிரித்து வைத்துக்கொண்டாள். மனிதருக்கு இந்தப் பங்கு பிரிக்கிற கணக்கு மட்டும் யாரும் சொல்லித்தராமலே வந்துவிடுகிறது.

வீடு குண்டசாலையில். கணவன் இராமநாதன் மாநகரசபையில் தண்ணீர்ப் பகுதியில் வேலை; அதிகம் பேசாத மனிதன். ஒரே மகள் சஞ்சீவனி ஒரு தனியார் வைத்தியசாலையில் பில் போடுகிற இடத்தில் இருந்தாள். அவளுக்குக் கம்பளையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சஞ்சீவ், தகப்பன் விட்டுப்போன ஹார்ட்வேர் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் அழகம்மா பெண் பார்க்க வந்தபோது, பேச்சு வாக்கில், "நீங்க புடவைக் கடையில என்னா வேலைங்க பார்க்கிறீங்க?" என்று கேட்டாள்.

கிழிசல் அடைக்கிறேன் என்று சம்பந்தியாகப் போகிறவளிடம் சொல்லப் பரிமளத்துக்கு நாக்கு எழவில்லை.

"செக்கிங்குங்க. வாற சேலையெல்லாம் நான் பார்த்துத்தான் கீழே இறக்குவேன்."

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனாலேயே சொல்ல வசதியாக இருந்தது. அழகம்மா முகம் மலர்ந்துபோய், "அப்ப கூறையை ஒங்க கடையிலேயே எடுத்துடலாம். கூட ஒரு கண் இருக்கும்ல" என்றாள்.

சம்பந்தம் பேசி முடித்த பிறகு பரிமளமும் கணவனும் முறைக்குக் கம்பளைக்குப் போனார்கள். அங்கேதான் மதுஷாவைப் பார்த்தாள். அழகம்மாவின் மூத்த பிள்ளை, சஞ்சீவுக்கு அக்கா. கட்டிக்கொடுத்து வருஷம் திரும்புவதற்குள் புருஷன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்கு அவன் சொன்ன காரணம் எதுவாக இருந்தாலும், ஊர் சொன்ன காரணம் ஒன்றுதான்: ராசி இல்லாதவள். அவள் தேநீர்த் தட்டை முன்னறை வாசல் வரை கொண்டுவந்து தாயிடம் கொடுத்துவிட்டு, வந்தவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நல்ல காரியம் பேசுற எடத்துக்கு அவளே வரமாட்டா" என்றாள் அழகம்மா, குரலைத் தாழ்த்தி. "நாங்க ஒண்ணும் சொல்றதில்லைங்க. அவளாவே ஒதுங்கிக்கிறா."

அப்படித்தான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். பரிமளத்துக்கு அந்தப் பெண்ணை நினைத்து மனம் கஷ்டப்பட்டது. பஸ்ஸில் வரும்போது கணவனிடம் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டாள்.

கூறை எடுக்க நல்ல நேரம் பார்த்து, ஒரு வியாழக்கிழமை காலை அழகம்மா இரண்டு உறவுக்காரப் பெண்களோடு கண்டிக்கு வந்தாள். கையில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்த தட்டு. மதுஷா வரவில்லை. யோகராஜ் எழுந்து வந்து வரவேற்று, "பரிமளம் அக்காவைக் கீழே வரச்சொல்லுங்க, அவங்க வீட்டுக் கல்யாணம்" என்று ஆள் அனுப்பினான்.

பரிமளம் கொண்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தாள். சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் பஸீஹா, மடவளை ஊர்ப் பெண், அந்தக் கடையிலேயே கெட்டிக்காரி. விரிப்பில் மாம்பழ நிறம், மயில்கழுத்து, செம்பருத்திச் சிவப்பு என்று அலை அலையாகக் கிடந்தன. அழகம்மா எல்லாவற்றையும் தாண்டிக் கையை நீட்டி, அடுக்கிலிருந்த ஒரு அரக்கு நிறச் சேலையைக் காட்டினாள்.

"அதை எடுங்க பிள்ள."

பஸீஹாவின் கை அடுக்கருகே போய் அப்படியே நின்றது. பிறகு எடுத்தாள். எடுத்துக்கொண்டே பரிமளத்தைப் பார்த்தாள்.

அந்தச் சேலையைப் பரிமளத்துக்கு நன்றாகத் தெரியும். கடை திறந்ததும் சாமிப் படத்துக்கு யோகராஜ் ஊதுபத்தி காட்டுவான். காட்டிய கையோடு அடுக்கடுக்காகச் சுற்றிக்கொண்டு வருவான். அப்படி வந்தபோது உதிர்ந்த பொறி ஒன்று முந்தானைக்கு ஒரு சாண் உள்ளே மிளகளவுக்குச் சுட்டுவிட்டது. பரிமளம்தான் கருகிய இழைகளை வெட்டி எடுத்துவிட்டு, மஞ்சரி போன்ற பூ வேலையின் ஓரத்தைக் கெடுக்காமல் இழை ஓட்டினாள். அந்த வேலை அவ்வளவு சுத்தமாக வந்ததில் அவளுக்கு ரகசியமாகக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இந்த டிசைன்லயே வேற கலர் காட்டவா, அம்மா? புதுசு வந்திருக்கு" என்றாள் பஸீஹா. சொன்னது அழகம்மாவிடம், பார்த்தது பரிமளத்தை.

பரிமளம் அந்த இடத்தில், "ஆமா, வேற பார்ப்போமே" என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யோகராஜ் பக்கத்தில் நின்று புன்னகைத்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அதற்குள் அழகம்மா சேலையை வாங்கி அவள் கையிலேயே வைத்துவிட்டாள்.

"எனக்கு இதுதான் மனசுக்குப் புடிச்சிருக்கு. சம்பந்தியம்மா, நீங்க செக்கிங்ல இருக்கவங்க. ஒங்க கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாது. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க, குறை ஏதும் இருக்கா?"

பரிமளம் சேலையைப் புரட்டினாள். தேடுவதுபோல நடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளுடைய விரல் அந்த இடத்துக்குத் தானாகப் போய் நின்றது. இருக்கிறது என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எப்படித் தெரியும் என்று சொன்னால், வேலை என்ன என்று தெரிந்துவிடும். வேலை தெரிந்தால், கடை நாறிப்போகும், யோகராஜ் நாளைக்கு வரவேண்டாம் என்பான், கம்பளைக்காரர்கள் என்ன நினைப்பார்கள், சஞ்சீவனி என்ன ஆவாள். இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் ஓடியது. மூன்று பெண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு குறையும் இல்லைங்க. நல்ல சேலை" என்றாள் பரிமளம்.

அழகம்மா சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தட்டில் வைத்து, மூலையில் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தாள். பொட்டு வைத்த கூறையை மாற்றுவதில்லை. யோகராஜ் தன் பங்குக்கு மாப்பிள்ளைக்கென்று ஒரு வேட்டியைச் சும்மா கொடுத்தான். எல்லோருக்கும் சோடா வந்தது. பரிமளம் தன்னுடையதைத் தொடாமல் ஓரமாக வைத்தாள்.

அவர்கள் போன பிறகு மாடிப்படியில் பஸீஹா அவளை மறித்தாள்.

"ஏன் பரிமளக்கா? நான் வேற காட்டவான்னு கேட்டது ஒங்களுக்காகத்தானே?"

"தெரியும் பிள்ள."

"ஒங்கட சொந்த மகள்ட கூறை."

பரிமளம் கதிரையில் போய் உட்கார்ந்து, பாதியில் கிடந்த ஒரு பச்சைச் சேலையை மடியில் இழுத்துப் போட்டாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால், சஞ்சீவனி கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அழகம்மா வீட்டார் சேலையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். பிள்ளை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள். "அம்மா பாருங்க, முந்தானை வேலையைப் பாருங்க. ஒங்க செலக்ஷன்னு அத்தை சொன்னாங்க." பரிமளம் அடுப்பில் ஏதோ கிடக்கிறதென்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சும்மா நின்றாள். இத்தனை காலமும் மகள் கண்ணை நேராகப் பார்க்கக் கூசியதில்லை. அன்று கூசியது.

மறுநாள் கடை திறந்ததும் யோகராஜிடம் போய் நின்றாள். அந்தச் சேலைக்குப் பதிலாக அதே மாதிரி வேறொன்று இருந்தால் கொடுங்கள், எப்படியாவது சொல்லி நானே மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டாள். அவன் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டே காதில் வாங்கினான்.

"அது ஒரே பீஸ் அக்கா. நீங்க செஞ்ச வேலையில ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கையைப் பத்தி இல்லைங்க தம்பி. எரிஞ்ச துணி. கூறைக்கு ஆகாதுங்களே."

அவன் திரும்பிப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. உண்மையிலேயே விளங்காதவன் மாதிரி கேட்டான்.

"இத்தனை வருஷம் ஒங்க கையால போன கூறையெல்லாம் யாரோட பிள்ளைங்கக்கா கட்டினாங்க? அப்ப ஆச்சு, இப்ப ஆகாதா?"

பரிமளம் அந்த இடத்திலேயே செத்துப்போனாள் என்று சொல்லலாம். கொள்ளைக்காரன் கேட்ட கேள்வி என்றாலும் கேள்வியில் குற்றமில்லையே. மாடிக்கு ஏறிப்போய் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். கீழே தாய்மாரும் மகள்மாருமாகக் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். இதுபோல எத்தனை பேர் நுழைந்திருப்பார்கள். மங்கல நாளுக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அவர்களில் ஒருத்தியின் முகமாவது ஞாபகத்தில் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. சேலைகள் மட்டும் ஞாபகம் இருந்தன, அதுவும் கஷ்டப்பட்டுச் செய்தவை மட்டும். தன் பிள்ளை என்றதும் துடிக்கிற நெஞ்சு இவ்வளவு காலமும் எங்கே போயிருந்தது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கணவனிடம் சொன்னாள். இராமநாதன் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"யாருக்கும் தெரியப்போறதில்ல. வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு" என்றான்.

"எனக்குத் தெரியுமே."

"அப்ப நீ சொல்லிட்டு நிம்மதியா இருப்ப. கல்யாணம் நின்னா அவ இருப்பாளா நிம்மதியா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பரிமளம் சில நாட்கள் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தாள், ஒத்துவரவில்லை. அழகம்மா இடையில் ஒரு தரம் தொலைபேசியில் பேசினாள். "சேலையைப் பார்த்துட்டு ஊரே மூக்குல விரல் வைக்குது சம்பந்தியம்மா. நீங்க பக்கத்துல இருந்ததால எனக்கு ஒரு பயமும் இல்லாம போச்சு. மதுஷாவுக்கு எடுத்தப்போ அப்படி ஒரு ஆள் எனக்கு இல்ல" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு பரிமளத்தால் இருக்க முடியவில்லை. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கம்பளைக்குப் பஸ் ஏறினாள்.

அழகம்மா வீட்டில் மத்தியானச் சமையல் முடிந்திருந்தது. சஞ்சீவ் கடையில் இருந்தான். அறிவிக்காமல் வந்த சம்பந்தியைக் கண்டதும் அழகம்மா பதறிக் கதிரையை இழுத்துப் போட்டாள். மதுஷா வழக்கம்போல அறை வாசலில் நின்று தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். பரிமளம் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றபடியே சொன்னாள். தான் செய்கிற வேலை செக்கிங் இல்லை என்பதிலிருந்து தொடங்கி, டார்ன் என்றால் என்ன, கடையில் அந்தச் சொல்லை ஏன் சொல்கிறார்கள், ஊதுபத்திப் பொறி, முந்தானைக்கு ஒரு சாண் உள்ளே, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. அழுதால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் ஒங்க கையில குடுத்துத்தானே கேட்டேன்" என்றாள் அழகம்மா.

"ஆமாங்க."

"மூணு பேர் நின்னு கேட்டோம். குறை இருக்கான்னு கேட்டோம்."

"ஆமாங்க. வாய்கூசாம இல்லைன்னு சொன்னேன். என் மகள் இதுல ஒண்ணும் அறியமாட்டா. அவளை மட்டும் வெறுத்துடாதீங்க. வேற என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

அழகம்மா எழுந்து உள்ளே போனாள். அரக்குச் சேலையைத் தூக்கிக்கொண்டு வந்து முகத்தில் எறியப்போகிறாள் என்றுதான் பரிமளம் நினைத்தாள். எறிந்தால் பொறுக்கிக்கொண்டு போவதென்று தயாராக நின்றாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஆனால் அழகம்மா கொண்டுவந்தது வேறொரு சேலை. பழைய நாளிதழில் சுற்றி, கர்ப்பூர உருண்டை வாசம் அடித்தது. செம்மாதுளை நிறப் பட்டு.

"இது மதுஷாவோட கூறை" என்றாள். "இதுவும் ஒங்க கடையிலதான் எடுத்தோம். பார்த்துச் சொல்லுங்க."

இப்படி ஒன்று இருக்கும் என்று பரிமளம் கனவிலும் நினைக்கவில்லை. சேலையை வாங்கினாள். பார்த்ததுபோலவும் இருந்தது, பார்க்காததுபோலவும் இருந்தது. "ஞாபகம் இல்லைங்க" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள், ஆனால் அந்த உண்மையே எவ்வளவு கேவலமாக இருந்தது.

"அப்ப தேடிப் பாருங்க."

வெளிச்சத்துக்காக வாசலோரம் பாயை விரித்து, பரிமளம் சேலையைச் சாண் சாணாகத் தள்ளிப் பார்த்தாள். உள்முனையிலிருந்து இழை உருவிய அடையாளம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். இல்லை. பூக்களைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், முந்தானையை முன்னும் பின்னும் திருப்பினாள். கண் தவறவிட்டாலும் தன் கை செய்த வேலையைத் தன் விரல் தவறவிடாது என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டும் தடவிப் பார்த்தாள். தறியிலிருந்து இறங்கியபடி மாசு மறுவில்லாமல் இருந்தது சேலை.

அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது. "இதுல ஒண்ணும் இல்லைங்க. இது சுத்தமான சேலை" என்றாள்.

அழகம்மாவின் முகத்தில் நிம்மதி தெரியவில்லை. அது இன்னும் இறுகியது.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

"இல்லைங்க, இது நெசமா..."

"இன்னும் எதுக்குங்க மறைக்கிறீங்க?" அழகம்மா பாயில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "எரிஞ்சதோ கிழிஞ்சதோ இருக்கத்தானே வேணும். இல்லாட்டி எதனால எம் பிள்ளைக்கு அப்படி ஆச்சு? ஜாதகம் பொருந்தி இருந்துச்சு. சீர்ல குறை வைக்கல. நாலு வருஷமா ஊரு அவளைத்தான் சொல்லுது. நானும்..." அவள் அறை வாசலைப் பார்த்தாள். "நானும் சொல்லியிருக்கேன் சம்பந்தியம்மா. பெத்தவ நானே சொல்லியிருக்கேன். எந்த எடம்னு மட்டும் காட்டுங்க."

மதுஷா அறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்கப் பழகிய பெண்.

பரிமளம் சேலையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இல்லை என்று இன்னொரு முறை சொல்லலாம். அதுதான் உண்மை. ஆனால் தன் வாயிலிருந்து வருகிற உண்மைக்கு இந்த வீட்டில் இனி ஒரு சதமும் பெறுமதி இல்லை, அதைக் கெடுத்தது தானேதான். அப்படியே நம்பினாலும் அது யாருக்கு நல்லது? சேலையில் குற்றமில்லை என்றால் குற்றம் திரும்பவும் அந்த வாசலில் நிற்கிறவளிடம்தான் போய்ச் சேரும்.

அவள் முந்தானையை இழுத்து, கரையோரத்துப் பூ ஒன்றின் கீழே விரலை வைத்தாள்.

"இங்கங்க" என்றாள்.

அழகம்மா குனிந்து அந்த இடத்தைத் தடவினாள். மீண்டும் மீண்டும் தடவினாள்.

"ஆமா" என்றாள். "ஆமா, கையில தட்டுது."

தட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அழகம்மாவின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. "மதுஷா, இங்க வா. வந்து தொட்டுப் பாரு. எம் புள்ளைமேல குத்தம் இல்லடி. பாரு, இங்கதான் இருந்திருக்கு."

மதுஷா வந்து பாயோரத்தில் முழங்காலிட்டாள். தாய் காட்டிய இடத்தில் விரலை வைத்துத் தடவினாள். பிறகு நிமிர்ந்து பரிமளத்தின் முகத்தைப் பார்த்தாள். பரிமளம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருக்கும்மா" என்றாள் மதுஷா.

அதற்குப் பிறகு அழகம்மா பரிமளத்தை வாய்க்கு வந்தபடி ஏசினாள். உன் கை விளங்குமா, உனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறதே, சோறுதான் தின்கிறாயா என்று இவ்வளவு நாளும் யாரை ஏசுவதென்று தெரியாமல் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். பரிமளம் ஒரு சொல் மறுக்கவில்லை. எத்தனையோ தாய்மார் ஏசியிருக்க வேண்டிய ஏச்சு, வந்து சேர்ந்தது என்னவோ அவள் கையே படாத ஒரு சேலைக்காக. அவளுக்கு வெட்கம் குறையவில்லை. ஆனால் நின்று கேட்டாள், கேட்க வேண்டியதுதான் என்று கேட்டாள்.

மூச்சு வாங்கிய பிறகு அழகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணம் நிக்காது. ஒங்க மகள் நல்ல பிள்ளை. அந்த அரக்குச் சேலையை நீங்களே எடுத்துட்டுப் போங்க. புதுக் கூறை வேற கடையில எடுப்போம். நீங்க வர வேணாம்."

"சரிங்க."

"மதுஷா வருவா" என்றாள் அழகம்மா. "அவதான் எடுத்துக் குடுப்பா."

மதுஷா பாயில் கிடந்த சேலையை மடிக்கத் தொடங்கியிருந்தாள். கை சற்று நின்று, பிறகு மடித்தது.

"அப்படியே செய்யுங்க சம்பந்தியம்மா" என்றாள் பரிமளம்.